ஜெயமலர் அக்காவின் வலது கை

12 மார்ச், செவ்வாய்
ஜெயமலர் அக்கா வீட்டில் பயிற்சி. பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாக அவரது வலது கை அசையவில்லை. எங்கள் நிறுவனத்தின் வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடியை மாட்டிவிட்டேன். அதற்குள் நான் வடிவமைத்த பயிற்சியில் மேசைமேல் ஒரு கோப்பை தெரியும். அதைப் பிடிக்க வேண்டும். இன்று மூன்று விரல்கள் மடங்கின. நிஜமாகவே.
"பிள்ளை, இது நானோ செய்யிறன்?"
ஹம்பேர்க் முழுக்க மழை. ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

3 ஏப்ரல்
அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்று எங்களை வாங்கிவிட்டது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நானும் கைதட்டினேன். இனிக் கண்ணாடியை ஆயிரம் நோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

22 ஏப்ரல்
மருத்துவப் பிரிவை மூடுகிறார்கள். கையசைவை அறியும் மென்பொருள் மட்டும் போதுமாம், கணினி விளையாட்டுகளுக்கு. நோயாளிகளிடம் இருக்கும் பதினொரு கண்ணாடிகளையும் நான்தான் திரும்ப வாங்க வேண்டும். ஒன்றையாவது விட்டுவைக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். கண்ணாடியை இயக்கும் கணினிச் சேவரை நிறுத்தியபின் அது வெறும் பிளாஸ்டிக் என்றார். உண்மைதான். என்னத்தைச் செய்யிறது?

23 ஏப்ரல்
எனக்கு விளையாட்டுப் பிரிவில் வேலை. கையெழுத்துப் போட்டேன்.

16 மே
அக்காவிடம் கண்ணாடியை வாங்கப் போகும் டெர்மினை, அந்தச் சந்திப்பு நாளை, மூன்று முறை தள்ளிப்போட்டேன். இன்று போனேன். பயிற்சிக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, அக்கா தலைவாரி, கதிரையில் அமர்ந்து தயாராக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.
"இன்னும் ஒரு மாதம் கேட்டுப் பாக்கேலாதோ?"
நான் அவகாசம் கேட்கவே இல்லை. கேட்டேன் என்று பொய் சொன்னேன் — ஏன் சொன்னனான்?
கண்ணாடியைத் திருப்பித் தந்ததாகக் கையெழுத்திடும் படிவத்தை நீட்டினேன். பேனையை வலது கையால் எடுக்கப் பார்த்தார். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை நான் குனிவதற்குள், "விடு பிள்ளை" என்று இடது கையை நீட்டினார்.
கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் தந்ததும் அவர்தான்.

18 ஜூன்
பதினொன்றும் வந்து சேர்ந்தன. களஞ்சிய அறையில் அடுக்கினேன்.

7 செப்டெம்பர், சனி
பெரிய ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் அக்காவின் மகள் வனஜாவைக் கண்டேன். அம்மா இப்போது கைப்பயிற்சி எதற்கும் போவதில்லையாம். விரல்கள் பழையபடி இறுகிவிட்டனவாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கவா என்று கேட்டேன். வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.
"வேண்டாம் அக்கா. உங்களைக் கண்டால் அவவுக்குத் திரும்பவும் ஆசை வந்திடும்."
ஓம் என்றேன்.