ஆளுக்கொரு கைப்பிடி உப்பு

தங்கச்சிமடம்
12.8.1958

சேசு மரி சூசை துணை.

மதுரையில் தம்பி வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து விசிறி வீசிக்கொண்டிருக்கும் எங்கள் டீச்சரக்கா செபஸ்தியம்மாளுக்கு, இங்கே உங்கள் பாலர் இல்லத்தில் பத்தொன்பது மூக்குகளைத் துடைத்தே தேய்ந்துபோன ஆயா லீமாரோஸ் எழுதிக்கொண்டது. நான் சுகம். பிள்ளைகளும் சுகம்.

உங்கள் கடிதம் வந்தது. இரண்டாம் வகுப்போடு நின்ற நான்தான் எழுதி எனக்கே போட்டுக்கொண்டேனோ என்று திகைத்துவிட்டேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது எழுத்து. என் கையெழுத்தைத் திருத்தித் திருத்தி உங்கள் கையும் கெட்டுவிட்டது போல. என்னைக் குட்டின கைக்கு நன்றாக வேண்டும்.

இடத்தை விற்கிற மாதிரி ஒழுங்கு பண்ணச் சொல்லியிருந்தீர்கள். சாய்ந்து கிடந்த பனைமட்டை வேலியை நிமிர்த்திவிட்டேன். விழுந்த தென்னையை அறுத்துப் போட்டாயிற்று. கிணற்றைத் தூர் வாரினதில் ஏழு தகரக் குவளை, ஒற்றைக் கொலுசு, மூன்று வருடமாக நீங்கள் தேடின உங்கள் மூக்குக்கண்ணாடி. போட்ட பிள்ளை எது என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். சுண்ணாம்பு மட்டும் அடிக்கவில்லை. உத்திரத்தில் கட்டின சேலைத் தொட்டில்களையும் அவிழ்க்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை.

மண்டபத்திலிருந்து பாக்கர் மரைக்காயர் வந்து பார்த்தார். கருவாடு அடுக்கி வைக்கக் கிட்டங்கி கட்டப் போகிறாராம். கட்டடம், மண், வேலி எல்லாம் பிடித்துப்போயிற்று. கடைசியில் தண்ணீர் கேட்டார். அண்டாவில் இறைத்து வைத்திருந்ததை மொண்டு கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். ஏம்மா, கெணத்துல எறைச்சியா, கடல்ல மொண்டியா என்று கேட்டார். மழை இல்ல மரைக்காரே, ஊத்து கரிக்கத்தான் செய்யும் என்றேன். நல்ல தண்ணி இல்லாத எடத்துல நாப்பது ஆளை வச்சு நான் என்ன பண்ண என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாம் என்ன செய்ய முடியும்?

களத்துப் பஞ்சம்மாள் தினமும் அழுகிறாள். இல்லத்தை மூடினால் சின்னவனைக் கருவாட்டுக் களத்தில்தான் முளையடித்துக் கட்டிப்போட வேண்டும். இல்லம் வருமுன்னே மூத்ததை அப்படித்தான் கட்டினாள், கயிறு அவிழ்ந்து கடல் கொண்டுபோயிற்று. அந்தக் கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விற்கிற நினைப்பை விட்டுவிட்டுப் பிரம்போடு வந்து சேருங்கள்.

உங்கள்
லீமாரோஸ்


தங்கச்சிமடம்
27.8.1958

சேசுவே இரக்கமாயிரும்.

அக்கா,

உங்கள் இரண்டாவது கடிதத்தை ஆறு தரம் வாசித்தேன். முதல் தரம் எழுத்துக் கூட்டி, மற்ற ஐந்து தரமும் நான் தப்பாக வாசித்திருக்கவேண்டும் சேசுவே என்று வேண்டிக்கொண்டு. மார்பில் கட்டி என்றுதான் எழுதியிருக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்திலிருந்தே இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. வலது கை வீங்கித் தூக்க முடியவில்லை என்றும், இன்னும் ஒரு மாதத்துக்குள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் அறுத்து எடுக்காவிட்டால் பலனில்லை என்று டாக்டர் சொன்னதாகவும், அதற்குத்தான் இடத்தை விற்பதாகவும் எழுதியிருக்கிறது. அந்தக் கையால் எழுதினதைத்தான் கோழி கிளறினது என்றேன். என் வாயில் புழு விழட்டும்.

அக்கா, கிணறு கரிக்கவில்லை. கரித்ததே இல்லை. அவர் வருவதற்கு முந்தின நாளே அண்டாவில் இறைத்து வைத்து, அதில் உப்பைக் கரைத்தேன். களத்திலிருந்து பதினோரு தாய்மார் ஆளுக்கொரு கைப்பிடி மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கேட்டது நான். அவர் துப்பிவிட்டுப் போனதும் நாங்கள் வேலிக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்ததுகூட நான்தான் முதலில். நீங்கள் மதுரையில் கையைத் தூக்க முடியாமல் கிடந்தபோது நான் இங்கே உங்கள் உயிரில் உப்பைக் கொட்டியிருக்கிறேன்.

கடிதம் வந்த மறுநாளே செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ரயில் ஏறினேன். பாம்பன் பாலத்தில் வண்டி ஆடினபோது ஒரு சொட்டுச் சிந்தாமல் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தேன். மரைக்காயர் குடித்தார். இனிக்குதே என்றார். நடந்ததைச் சொன்னேன். செம்பைத் தள்ளி வைத்தார். அப்புறம், அன்னிக்கு உப்புப் போட்டவ இன்னிக்கு வேற ஊருத் தண்ணியக் கொண்டாந்திருக்க மாட்டியா, எந்த வாய நான் நம்புறது என்று கேட்டார்.

காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். சனிக்கிழமை வருகிறேன் என்றார். அவருடைய வாளி, அவருடைய கயிறு, அவரே இறைப்பார். ஆனால் கோயில் சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் நிற்க, நான் செய்ததை என் வாயால் சொல்லவேண்டும், கிணறு நல்ல கிணறு என்று சாமியார் சொல்லவேண்டும் என்றார்.

சாமியாரிடம் ஓடினேன். எந்த உப்பு, எந்த அண்டா, எனக்கு ஒன்றும் தெரியாதே என்றார். அப்போதுதான் உறைத்தது. உங்கள் கடிதம் வருமுன் ஒரு ஞாயிறு மனசு உறுத்தி இதை அவரிடமே பாவசங்கீர்த்தனத்தில் சொல்லித் தொலைத்திருந்தேன். அங்கே கேட்டதை அவர் வெளியே மூச்சு விடக்கூடாது அல்லவா? பிறகு கோயில் முற்றத்தில் நின்று, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். அடிப்பாவி என்று அப்போதுதான் கேட்கிறவர் மாதிரி வாயைப் பிளந்தார். சாமியார் நன்றாக நடிக்கிறார். சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

முற்றத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் நம் தாய்மார். விற்க விடமாட்டேன் என்று சொன்னவளே விற்கத் தரகு பேசுகிறாளா, எவ்வளவு வாங்கின என்று அவர்களில் காலிதா என் முகத்துக்கு நேரே கேட்டாள். நீங்கள் நோயை ஒருவருக்கும் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். தெரிந்தால் காதில் கிடப்பதையும் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஒரு நாள் பூராவும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஏச்சு எனக்குப் பழக்கம். ஆனால் மரைக்காயர் வருகிற அன்றைக்கு இவர்கள் மறுபடி உப்போடு வந்து நின்றால்? சொல்லிவிட்டேன் அக்கா. பதினோரு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

அத்தனை பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் விடியும்போது பஞ்சம்மாள் சிப்பிச் சுண்ணாம்பை நீற்றிக் கூடையோடு கொண்டுவந்து இறக்கினாள். பின்னாலேயே மற்றவர்கள், தென்னமட்டையை நைத்துத் தூரிகை செய்துகொண்டு. களத்துக்குப் போகாமல் இரண்டு நாள் அடித்தார்கள். கட்டடம் முட்டை ஓடு மாதிரி நிற்கிறது. அவரவர் கட்டின தொட்டிலை அவரவரே அவிழ்த்து மடித்துக்கொண்டார்கள். பஞ்சம்மாள்தான் முதலில் அவிழ்த்தாள். சின்னவனை எங்கனடி விடப் போற என்று கேட்டேன். டீச்சர் நல்லாகி வரட்டும் என்றாள். நேற்றுக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை இரட்டை முறுக்கு.

பிள்ளைகளைப் பற்றி அடுத்த கடிதத்தில் என்னிடம் கேட்காதீர்கள். பதில் தெரிந்தால் நானே எழுதியிருப்பேன். இப்போதைக்கு என் குடிசையில் ஏழு பேருக்கு இடம் இருக்கிறது, குறுக்கே படுத்தால் ஒன்பது.

சனிக்கிழமை அவர் வாளி இறங்குகிறபோது நீங்கள் அங்கே ஜெபமாலையில் ஒரு மணி சொல்லுங்கள். மாதாவே, என் வாயை நம்பாவிட்டாலும் அந்தத் தண்ணீரை அவர் நம்பவேண்டும். முன்பணம் கைக்கு வந்ததும் உங்கள் தம்பிக்குத் தந்தி அடிக்கிறேன். நீங்கள் அதுவரை காத்திருக்காமல் துணிமணிகளைக் கட்டிவையுங்கள்.

நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்பைத் தூக்கி ஓரமாக வையுங்கள். வந்து அடியுங்கள் அக்கா. தூர் வாரின கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன், பிரம்பையும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். இடது கையால் அடிப்பதை நான் கணக்கில் சேர்க்கமாட்டேன். அந்த வலது கையைத் தூக்கி ஓங்கி அடிக்கிற அளவுக்குத் தேறி வாருங்கள்.

உங்கள் பாவி
லீமாரோஸ்