கேழ்வரகில் ஒரு கறுப்பு ரொட்டி

நாள் 212, 07:10
செவ்வாய் இரண்டாம் தளம். உணவுப் பொறுப்பு: செண்பகவல்லி. காற்று சரி, தண்ணீர் சரி. இருப்பது நானும் எஸ்தோனியாவிலிருந்து வந்த பாறை ஆய்வாளர் தோமஸும். அவர் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒன்பது நாளாகிறது. குழாய்க் கூழைப் பார்த்தாலே வாந்தி. மீட்புக் கப்பல் வர நாற்பது நாள் ஆகும். இப்படியே போனால் அதுவரை தாங்க மாட்டார்.

நாள் 214, 11:40
தன் ஊர்க் கறுப்பு ரொட்டி என்றால் தின்பாராம். செய்முறையை எடுத்துப் பார்த்தேன். ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மாவு வேண்டுமாம், அதற்கு எங்கே போக? வளர்ப்பறையில் விளைந்த கேழ்வரகு இருக்கிறது. மால்ட்டுக்குப் பதில் அதையே முளைகட்டி அரைத்தேன். பாகுக்கு என் பையிலிருந்த கருப்பட்டி. ஏதோ விதை கேட்டது. ஓமம் போட்டேன், யார் வந்து கேட்கப் போகிறார்கள். ஈஸ்ட் எல்லாம் கெட்டுவிட்டது. உளுந்து அரைத்துக் கலந்தேன், விதிப்படி கையுறையோடு.

நாள் 215, 08:05
பொங்கவில்லை. சுட்டால் செங்கல். தோமஸ் ஒரு விள்ளல் வாயில் வைத்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. கை படாத மாவு எந்தக் காலத்தில் பொங்கியது?

நாள் 215, 16:30
பூமியிலிருக்கும் தரை நிலையத்தில் அனுமதி கேட்டேன். பணி மேலாளர் குலசேகரனின் பதில்:
“மேடம், வெறுங்கையால மாவத் தொடாதீங்க. மூடின தளம், ஒரு கிருமி பரவினா ரெண்டு பேரும் போயிடுவீங்க. மீறினா உணவறைய இங்கிருந்தே பூட்டிடுவோம்.”
நல்ல பிள்ளைதான், பயப்படுகிறார். பட்டினி கிடப்பது அவர் இல்லையே. கையுறையைக் கழற்றிப் போட்டேன். புது மாவில் உப்புப் போட்டு முழங்கை வரை விட்டுக் கரைத்தேன்.

நாள் 216, 09:20
தரையெல்லாம் மாவு. வழிந்து ஓடியிருக்கிறது, துடைக்கவே மனசில்லை. அடுப்பில் வைத்தாயிற்று.

நாள் 216, 10:15
இது எங்கள் ஊர் ரொட்டி இல்லை என்றார் தோமஸ். தெரியும், பேசாமல் தின்னுங்கள் என்றேன். நாலு துண்டு. வாந்தி இல்லை.

நாள் 216, 10:50
கேமராவில் பார்த்துவிட்டார்கள்.
“மன்னிச்சிடுங்க மேடம். கால் மணி நேரத்துல பூட்டுக் கட்டளை அனுப்புறோம்.”
கட்டளை வருவது கூரை ஆன்டெனா வழியாக. அதன் கேபிள் என் இடது கையில் இருக்கிறது. பிடுங்கினால் கப்பல் வரும்வரை யாரோடும் பேச்சில்லை. பேசாமல் இருந்துவிடலாம், தின்னாமல் இருக்க முடியாது.

குலசேகரன், நான் எழுத எழுத இது உங்களுக்கு வந்துகொண்டிருக்கிறது. எழுத்து நின்றதும் நாங்கள் செத்துவிட்டதாக அறிக்கை எழுதிவிடாதீர்கள். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்