அடுத்த ஊட்டுப் பானை

முந்தாநாள் காலை ஆய்வகத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவின் மூடியைத் திறந்தேன். அந்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பாட்டிலில் பெயர் எழுதும் முன் ஒரு தடவை பேனாவை முகர்ந்து பார்ப்பாய். "ஒரு நாள் தலை சுத்தி விழப்போற" என்று நான் திட்டுவேன். "உழுந்தா தூக்கத்தான் டாக்டரம்மா நீ கீறியே" என்பாய். நான் வேதியியல் டாக்டர், ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ விட்டதில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல சேதிதான். ஒரு வாரமாக மனசு லேசாக இருக்கிறது. ஆனால் அது ஏன் லேசானது என்று யாரிடம் சொல்வது? சொன்னால் முதலில் எப்படிக் கனத்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தக் கதை முழுக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

நீயும் நானும் திருநின்றவூர்ப் பக்கத்துக் கல்லூரியில் ஒரே ஜூன் மாதம் சேர்ந்தோம். நான் வேதியியல் சொல்லிக்கொடுக்க, நீ அதே துறையில் ஆய்வக உதவியாளராக. வயதும் ஒன்றுதான். நான் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்த அப்பாவின் பேச்சு என் நாக்கில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நீ நெமிலிச்சேரியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். நான் "அவிய வந்தாவ" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாயங்காலம் ரயில் வரும்வரை அதையே சொல்லிச் சிரிப்பாய்.

அந்த மண்பானை வடிகட்டி நம் இரண்டு பேருடைய குழந்தை. மேல் பானையில் மணலும் கரியும் பொடித்த தேற்றாங்கொட்டையும் அடுக்கி, கீழ்ப் பானையில் தண்ணீர் இறங்க விட்டோம். கல்லூரி முடிந்ததும் ரயிலேறி, ஒரு நாள் நெமிலிச்சேரி, ஒரு நாள் வேப்பம்பட்டு என்று இறங்கி, வீடு வீடாகப் போய்ப் பானை வைத்துவிட்டு வந்தோம். பிறகு அந்தத் தண்ணீரை, சோதனை மருந்து தடவிய சின்னச் சீசாக்களில் ஊற்றி வைப்போம். சாக்கடைக் கிருமி இருந்தால் சீசா ஒன்றிரண்டு நாளில் கறுத்துவிடும். வடிகட்டாத தண்ணீரில் சில கறுத்தன. வடிகட்டியதில் ஒன்றுகூடக் கறுக்கவில்லை. அன்றைக்கு நீ கேன்டீனில் எனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாய்.

உன் லேபிள்களைப் பார்த்து நான் எரிந்து விழுந்திருக்கிறேன். 'திருநின்றவூர், முட்டைக்கடை அக்கா ஊடு, போரு, மழைக்கு அப்பால' என்று பாட்டிலைச் சுற்றிச் சுற்றி எழுதுவாய்.

"வெறும் நம்பர் போடேன். பதினேழுன்னு போட்டா போதாதா?"

"பதினேழு இன்னா, ஊடா? அதுல யாரு குடியிருக்காங்க?"

கடைசியில் மூடியில் எனக்காக நம்பர், உடம்பில் உனக்காக வீடு என்று ராசியானோம். போதாததற்கு ஒரு நீள நோட்டில் அத்தனை வீட்டையும் எழுதி வைத்தாய். வேலையற்ற வேலை என்று அப்போது நினைத்தேன்.

எனக்கு அந்த வருஷம் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. வருஷத்துக்கு இரண்டு கட்டுரை வெளிவராவிட்டால் அடுத்த ஜூனில் வர வேண்டாம் என்று முதல்வர் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொல்லியிருந்தார். அப்பா ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்திருந்தார். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். கட்டுரைக்கு முதலில் 'திருநின்றவூர் வட்டாரத்தில் சில வீடுகள்' என்றுதான் தலைப்பு வைத்தேன். பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. உள்ளூர் விஷயம், பரந்த பயன் என்ன என்று கேட்டிருந்தார்கள். 'சென்னைப் புறநகர்' என்று மாற்றினேன். மறுபடி திரும்பி வந்தது. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு 'தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பாதுகாப்பான குடிநீர்' என்று போட்டேன். மூன்றே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

அச்சான தாளை உன்னிடம் காட்டினேன். தலைப்பில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாய். பிறகு வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

"எந்த ஊட்ல?"

யார் எதைப் பொதுவாகச் சொன்னாலும் உனக்கு அந்தக் கேள்விதான். ஆம்பளைங்களே இப்படித்தான் என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது அலுத்துக்கொண்டால், டீ கிளாஸைக் கழுவிக்கொண்டே "எந்த ஊட்ல?" என்பாய். சொன்னவள் வாயை மூடிக்கொள்வாள்.

"எந்த வீட்லன்னா? தமிழ்நாட்டுலதான். போட்டிருக்கேன்ல."

"தமிழ்நாடுன்னா கன்னியாகுமரி வரிக்கும் தானே? நம்ம வேப்பம்பட்டே தாண்டலியே மே."

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு கேட்டதில்லையா நீ?"

"அது அந்தப் பானைக்கு மே. அடுத்த ஊட்டுப் பானையில இன்னா வேகுதுன்னு இந்தச் சோறு சொல்லுமா?"

எனக்குச் சுருக்கென்றது. நீ சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது. "ஆராய்ச்சியப் பத்தி உனக்கு என்ன தெரியும்? பாட்டில் கழுவுற வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன். பாட்டில்களைக் கழுவி, வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் வருவதற்குள் முந்தின ரயிலில் போய்விட்டாய். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

நாலு நாள் நீ பேசவில்லை. ஐந்தாம் நாள் என் மேசையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. மூடியில் உன் எழுத்து: 'நெமிலிச்சேரி, எங்க ஊடு, எலுமிச்ச சோறு, உப்பு கம்மி.' சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. உப்பு நிஜமாகவே கம்மிதான். மன்னிப்பு என்று நானும் வாய்திறந்து கேட்கவில்லை, நீயும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி ஒரே ரயிலில் போனோம்.

ஆனால் தலைப்பு அப்படியே இருந்தது. எனக்கு வேலை நிரந்தரமானது. கல்லூரி அந்தத் தலைப்பையே போட்டு ஒரு துண்டறிக்கை அடித்தது. பானையின் படம், கீழே என் பெயர். அதை எங்கே பார்த்தாலும் நீ என் முகத்தைப் பார்ப்பாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன வருஷம் மாசியில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. இரண்டே நாள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ கண்ணைத் திறக்கவில்லை. அதற்குமேல் அதை எழுத என்னால் முடியாது.

நீ போய் நாலு மாதம் இருக்கும். ஒரு பெண் கல்லூரிக்குப் போன் போட்டு என் பெயரைச் சொல்லிக் கேட்டாள். பூந்தமல்லிப் பக்கம், ஒரு ஏரிக்கரையை ஒட்டிய வாடகை வீடு. யாரோ கொடுத்த நம் துண்டறிக்கையைப் பார்த்துத் தானே பானை அடுக்கியிருக்கிறாள். கிணற்றுத் தண்ணீர். "கொயந்தைக்கு ஆறு மாசம் ஆவுதும்மா. தண்ணி குடுக்கச் சொல்லிக்கீறாங்க. பானையில வடிகட்னா காய்ச்சத் தேவயில்ல தானே?"

நான் வரும்வரை கொடுக்காதே என்று சொல்லிவிட்டு, பையில் நாலு சீசாவைப் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் ஒரே நினைப்புதான்: இதற்கு முன்னாலேயே கொடுத்திருந்தால்?

வாசலில் நின்றபடியே, உள்ளே கூடப் போகாமல் கேட்டேன். "குழந்தைக்கு இதுவரைக்கும் கொடுத்தியாம்மா?"

"இல்லம்மா. எங்க ஊட்டுக்காரரு காய்ச்சாம குடுக்காதன்ட்டாரு. நான் தான், நல்ல தண்ணின்னு பேப்பர்ல போட்டுக்கீது பாருன்னு சண்ட போட்டுகினு கீறேன். அதான் உங்களையே கேட்ரலாம்னு."

அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த முகம் தெரியாத மனிதன் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். குழந்தை வயிற்றாலேயே நகர்ந்து வந்து என் செருப்பைப் பிடித்து இழுத்தது.

கிணற்றுக்குப் பத்தடியில் சாக்கடை ஓடியது. மறுநாள் நாலு சீசாவும் மை ஊற்றினாற்போல் கறுத்திருந்தன. வடிகட்டிய தண்ணீர்தான். போன் செய்து, காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், பானையை நம்பாதே என்றேன். அவள் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்: "தமிழ்நாடு முச்சூடும்னு நீங்க தானேம்மா போட்டுக்கீறீங்க? பூந்தமல்லி அதுல வரலியா?"

நீ கேட்ட அதே கேள்விதான்.

அன்று சாயங்காலம் உன் நீள நோட்டை எடுத்து, ஒவ்வொரு வீடாகப் படித்தேன். முட்டைக்கடை அக்கா ஊடு. கேட் கீப்பர் ஊடு. டெய்லர் ஊடு. பாதி படிக்கும்போதே உறைத்தது. அத்தனை வீடும் மூன்று ஸ்டேஷன்களிலிருந்து நடந்துபோகிற தூரம். அத்தனையும் ஆழமான போர். அத்தனையும் மழைக்கு அப்பால. கிணறு ஒன்றுகூட இல்லை. 'தற்செயலாகத் தேர்ந்தெடுத்த வீடுகள்' என்று கட்டுரையில் எழுதியிருந்தேன். தற்செயல் எங்கே வந்தது? நம்முடைய சீசன் டிக்கெட் எதுவரை செல்லுமோ அதுவரைதான் என் தமிழ்நாடு. நான் போட்ட நம்பர்களில் இதெல்லாம் தெரிந்திருக்காது. உன் லேபிள்தான் காட்டிக்கொடுத்தது.

பத்திரிகைக்குத் திருத்தம் எழுதினேன். துறையில் ஒருவர், "சும்மா கெடந்த சங்க எதுக்கு மேடம் ஊதிக் கெடுக்கிறீங்க? பதவி உயர்வு வர்ற நேரம்" என்றார். பயமாகத்தான் இருந்தது. பொய்யாக எழுதினாள் என்று பெயர் வந்தால் அப்புறம் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது? ஆனால் கறுத்த சீசாக்கள் என் மேசையில்தான் இருந்தன.

முதல்வரிடம் நானே போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கட்டுரைய வாபஸ் வாங்கலியே? லிஸ்ட்ல இருக்கும்ல?"

"இருக்கும் சார். தலைப்பும் முடிவும்தான் மாறும்."

"எண்ணிக்கை குறையாதே?"

"குறையாது சார்."

"அப்ப எதுக்கும்மா இப்படி மூஞ்சிய வச்சுகிட்டு வந்து பயமுறுத்துறீங்க?"

வெளியே வந்து மாடிப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். இவ்வளவு நாளாக இந்த எண்ணிக்கைக்கா நடுங்கினேன்? நீ இருந்திருந்தால் அந்தக் கண்ணாடி துடைப்பதை நடித்துக் காட்டி ரயில் பெட்டியையே சிரிக்க வைத்திருப்பாய்.

போன வாரம் திருத்தம் வெளிவந்தது. தலைப்பு இப்போது மூச்சு முட்டுகிற நீளம். மூன்று ரயில் நிலையங்களை ஒட்டிய சில வீடுகள், ஆழ்துளைக் கிணறு, மழைக்குப் பின். கிணற்றுத் தண்ணீருக்கு இது பொருந்தாது என்று முடிவில் தனியாகப் போட்டிருக்கிறேன். நன்றி சொல்கிற இடத்தில் உன் பெயர் இருக்கிறது, 'எந்த வீடு என்று எழுதி வைத்தவர்' என்ற குறிப்போடு. பழைய துண்டறிக்கைகளைக் கட்டுக்கட்டாக வாங்கிக் கிழித்துப் போட்டோம். புதிதில் முதல் வரியே, காய்ச்சிக் குடியுங்கள். அன்றைக்கு இரவு வெகு நாளைக்குப் பிறகு அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன்.

முந்தாநாள் கல்லூரிக்குப் போகிற வழியில் நெமிலிச்சேரியில் இறங்கி, புதுத் துண்டறிக்கையோடு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் அடுக்களையில் அந்தப் பானையை இன்னும் வைத்திருக்கிறார். மணலை மாதம் தவறாமல் கழுவுகிறாராம். துண்டறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எங்க ஊடு கீதாம்மா?"

"இருக்குண்ணே. முதல் வீடே உங்க வீடுதான்."

"இத்தப் பாத்திருந்தா அதுக்கு சோக்கா இருந்திருக்கும்" என்றார். பிறகு நான் கேட்காமலே ஒரு பாட்டிலில் பானைத் தண்ணீரைப் பிடித்து என் கையில் கொடுத்தார்.

அந்தப் பாட்டிலில் எழுதத்தான் அன்று மார்க்கரைத் திறந்தேன். ஒரு தடவை முகர்ந்தும் பார்த்தேன். தலை சுற்றவில்லை. மூடியில் நம்பர் போடவில்லை. உடம்பில் மட்டும் உன்னைப்போலவே சுற்றிச் சுற்றி எழுதினேன்: 'நெமிலிச்சேரி, உன் ஊடு, போரு, மழைக்கு முன்னாடி.' மழைக்கு முன்னால் நாம் எந்த வீட்டிலும் பார்த்ததே இல்லையே. அதிலிருந்து கொஞ்சம் சீசாவில் ஊற்றி வைத்தேன்.

இன்று காலை வந்ததும் முதல் வேலையாகச் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். கறுக்கவில்லை.

தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று உன்னிடம் இப்போது தைரியமாகச் சொல்வேன். எந்த ஊட்ல என்று கேட்பாய். கேள்.

உங்க ஊட்ல மே. உங்க ஊட்ல மட்டும்தான்.