ஆரணிக்குக் கிடைத்த விருது

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் ஆரணிக்கு,

அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். உன் மச்சாள் மிதுனா நாளை லண்டன் வருகிறாள். அவளிடம் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கொடுத்துவிடுகிறேன். போனில் கதைத்தால் அப்பா பக்கத்திலேயே நிற்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

விருது விழாவை ரீவியில் போட்டுப் பார்த்தோம். மேல்மாடி சாந்தகுமார் குடும்பமும் வந்திருந்தது. சிறந்த வெளிநாட்டுச் செய்திக்கான விருது என்று சொல்லி அந்த வெள்ளைக்காரர் உன் பெயரைத் தடுமாறி வாசித்தபோது, அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அந்த நீலச் சேலை உனக்கு நல்ல வடிவு. ஆனால் மெலிந்துவிட்டாய்.

பிறகு அவர் உன்னைப் பற்றிச் சொன்னார். சூடானில் இருந்து தப்பிய பெண்களோடு, ஷெல்லடிக்குள் நடந்தே எல்லையைக் கடந்தவளாம் நீ. எல்லோரும் கைதட்டினார்கள். நைரோபியில் ஹொட்டலில் இருந்து எழுதுவதாக அல்லவா எங்களுக்குச் சொன்னாய்? அப்பா பல்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் என்று நினைத்தேன்.

வந்தவர்கள் போனபின் உன் கட்டுரையை வாசித்துக் காட்டச் சொன்னார். ஓடுவதற்கு முன் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு பெண் உன்னிடம் சொல்கிற இடம் வந்ததும், “நீயும் கூட்டிப்போட்டுத்தானே வெளிக்கிட்டனீ” என்றார். சண்டைக்குப் பயந்து ஊரோடு யாழ்ப்பாணத்தை விட்டு வந்த அன்று நானும் அப்படித்தான் செய்தேன். நீ அப்போது என் வயிற்றில். உனக்கு அதை நான் சொன்னதேயில்லை.

“நாவற்குழிப் பாலத்தால நாங்கள் வந்ததை ஒருத்தரும் இப்பிடி எழுதேல்லை. என்ர பிள்ளை ஆரோ சனத்துக்காக எழுதியிருக்கிறாள்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தநாள் எல்லா வீட்டுக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். கீழே செக்கியூரிட்டிக்காரரிடம் போனில் உன் படத்தைக் காட்டி, “மகே துவ” என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு நின்றார். என் மகள் என்று சொல்ல அவருக்கு இப்போது மூன்று பாஷையும் போதவில்லை.

மகளே, போகாதே என்று கேட்கமாட்டேன். கேட்டால் மறுபடியும் ஹொட்டல் என்பாய். அடுத்தமுறை போகிற ஊரின் பெயரை மட்டும் உண்மையாகச் சொல்லிவிட்டுப் போ. மயூரபதி அம்மனிடம் எந்தத் திசையைக் காட்டிக் கேட்பது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

நீ நீடு வாழ வேண்டும் என்று கும்பிடும்,
அம்மா சுபோதினி.