முட்டி வலித்த நாள்

அன்பு மருமகளே,

ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்த அன்று பட்டியில் வழுக்கி விழுந்தாய். அந்த வலியிலும் நீ புதிதாகக் கற்றுவந்த எங்கள் வெல்ஷ் மொழியில்தான், "ஐயோ, என் பென்கிளின்!" என்று கத்தினாய். முட்டிக்கு வெல்ஷில் 'பென்கிளின்'; ஆனால் முன்னால் 'என்' சேர்ந்தால் அது 'மென்கிளின்' ஆகிவிடும். உதவிக்கு வந்த அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். நானோ, வழக்கம்போல் ஆங்கிலத்துக்குத் தாவி, "உள்ளே போம்மா" என்றேன்.

இப்போது குழந்தையிடம்கூட நீ வெல்ஷ் பேசுவதில்லை என்று என் மகன் கெதின் போனில் சொன்னான்.

நேற்று என் முட்டி வீங்கியது. டாக்டரிடம் வேண்டுமென்றே உன்னைப் போலவே, "என் பென்கிளின்" என்றேன். அவரும் நம் ஊர்க்காரர்தான், ஆனாலும் சிரிக்கவில்லை. "ரொம்ப வலிக்குதா?" என்று வெல்ஷிலேயே கேட்டார்.

தப்பும் தவறுமாக வெல்ஷிலேயே பதில் எழுது, மகளே. அன்று கேட்காமல் விட்டதை இன்று கேட்கிறேன்: ரொம்ப வலித்ததா?

உன் மாமனார்