தொட்டி மேல் போட்ட துண்டு

ஏங்க, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சுட வெச்சுச் சாப்பிடுங்க. நான் கிளம்புறேன், என்கிட்ட இருந்த சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு. மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போதும், அள்ளிக் கொட்டாதீங்க.

மீன்தொட்டி மூடியில நான் ஒட்டியிருந்த நீல எல்.இ.டி. ரெண்டையும் கழட்டிட்டேன். சண்டை போட்டுட்டு ஹால்ல படுக்க ஆரம்பிச்சதிலேர்ந்து தினமும் தொட்டி மேல துண்டைப் போட்டு மூடுறீங்க. கண்ணு கூசுதுன்னு வாயைத் திறந்து சொல்லியிருந்தா ஒண்ணைக் குறைச்சிருப்பேன். கட்டின பொண்டாட்டிகிட்ட அந்த ஒரு வார்த்தை பேசக்கூட மனசு வரலை.

ஆசையா வாங்கின கெளுத்தி ஒரு நாள்கூடக் கண்ணுல படலையேன்னு புலம்பினது நீங்கதான். பெரிய லைட் எரிஞ்சா அது கல்லுக்கடியிலேர்ந்து வராது. நிலா வெளிச்சம் மாதிரி மங்கலா இருந்தா வரும்னுதான், விரலைச் சுட்டுக்கிட்டு ஈயம் உருக்கி சால்டர் பண்ணி, அந்த நீல லைட்டைப் பழைய போன் சார்ஜர்ல மாட்டிவிட்டேன்.

துண்டை மடிச்சு உங்க தலையணை மேல வெச்சிருக்கேன். இனிமே முகம் துடைக்க வெச்சுக்கோங்க.

இன்னொண்ணு. இடம் பத்தலை, ஓரத்துல எழுதுறேன். நேத்து ராத்திரி, கழட்டறதுக்கு முன்னாடி, துண்டை விலக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். கெளுத்தி வெளியே வந்துச்சு. என் விரல் நீளத்துக்கு வளந்திருக்கு. மீசையால கண்ணாடியைத் தடவிக்கிட்டே போச்சு. உங்களை எழுப்பலாம்னு தோளைத் தொட்டேன். முழிச்சுத்தான் இருந்தீங்க. சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டீங்க.