பத்துப் பேருக்கும் ஒரே விடை

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள துர்காவுக்கு,

பார்த்திபன் எழுதுவது. நானும் பாப்பா தமிழ்மொழியும் உன் தம்பி தென்னரசும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படி இருந்தால் இப்போதைக்குப் போதும். நம் தெரு தேவநாதன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை குவைத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது அங்கே நீ வேலை செய்யும் வீட்டு மேடம் பக்கத்திலேயே நிற்கிறாள், இங்கே பாப்பா போனைப் பிடுங்குகிறாள். இந்த விஷயத்தை அப்படிப் பேச முடியாது. பொட்டலத்தில் வறுத்த மல்லாட்டைக் கடலையும் கேப்பை மாவும் இருக்கிறது. மாவைச் சலித்துத்தான் கட்டினேன், இருந்தாலும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

சர்டிபிகேட் வாங்கியாச்சா என்று போன வெள்ளிக்கிழமை கேட்டாய். ஆகுது ஆகுது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். ஆகவில்லை துர்கா. எப்படி ஆகவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

உனக்குத் தெரிந்ததுதான். பெட்ரோல், ஆசிட், கேஸ் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றுகிற வண்டியை ஓட்ட ஹசார்டஸ் சர்டிபிகேட் வேண்டும். மூன்று நாள் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, அதைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் லைசென்சில் ஏற்றுவார்கள். அது இருந்தால் ஒன்றாம் தேதியிலிருந்து பெட்ரோல் டேங்கர் உனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். மாதச் சம்பளம். லோடு கிடைக்குமா என்று மார்க்கெட் வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம். நீயும் இந்த மாதக் கடைசியில் அங்கே இன்னொரு இரண்டு வருஷ அக்ரிமென்டில் கையெழுத்துப் போடாமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம். பாப்பா உன் துணியை எந்த அலமாரியில் வைப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

விழுப்புரம் பைபாஸ் பக்கம், வாடகைக்கு ஆள் வராத ஒரு கல்யாண மண்டபத்து மாடியில்தான் வகுப்பு. படி ஏறும்போதே பழைய சாம்பார் நாற்றம், அதற்கு மேல் பினாயில் நாற்றம். கை கழுவும் தொட்டி முழுக்க எவனெவனோ துப்பிய வெற்றிலைச் சாறு. அந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க எனக்கு மனசு வரவில்லை. தீயணைக்கிற சிலிண்டரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். சும்மா தூக்கிப் பார்த்தேன், காலி.

பாடம் எடுக்கிறவர் பெயர் தாண்டவராயன். முன்பு லைசென்ஸ் புரோக்கராக இருந்தவராம். டிவியில் ஒரு படத்தைப் போட்டார். அது இந்தியில் ஓடியது. புரியவில்லை சார் என்று ஒருவர் சொன்னதும் சத்தத்தை நிறுத்திவிட்டு, படம் ஓடட்டும், பாத்துக்கினு இருங்க என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போய்விட்டார். நாங்கள் பத்துப் பேர். பாதிப் பேர் குறட்டை. அப்புறம் பயிற்சி நடந்ததாகக் காட்டுவதற்குப் போட்டோ. ஒரே ஹெல்மெட், ஒரே கையுறை, அதே காலி சிலிண்டர், ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நான் கடைசி. எல்லாருடைய வேர்வையும் ஊறிப்போன ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை தலைக்குக் குளித்தேன், அந்த வாடை மூக்கை விட்டுப் போகவே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை பூஜை. கீழே செய்முறைக்கென்று ஒரு பழைய பெட்ரோல் டேங்கர் நிற்கிறது. அதன் பின்னால் ஆரஞ்சு நிறப் போர்டு இருக்கும், பார்த்திருப்பாய். வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பது என்ன சரக்கு என்று தீயணைப்புக்காரர்கள் அதிலுள்ள எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அந்தப் போர்டு முழுக்கச் சந்தனத்தை அப்பி, ஒவ்வொரு எண்ணின் மேலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார் தாண்டவராயன். ஒரு எண்ணும் தெரியவில்லை. பிறகு வால்வுக்கு நேராகக் கற்பூரத்தை ஏற்றிச் சுற்றினார். நாமும் சாமி கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் பெட்ரோல் வண்டி வால்வுக்கு ஆரத்தி காட்டுகிறவனை அந்த மயிலம் முருகனே நேரில் வந்தாலும் காப்பாற்ற முடியாது. சார், வண்டிக்குள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்குமே என்று கேட்டேன். சாமி விஷயத்துல வாய வெக்காத, கண்ணுல ஒத்திக்கோ என்றார். எல்லாரும் ஒற்றிக்கொண்டார்கள். சீ என்றிருந்தது.

இதையெல்லாம்கூட நான் சகித்துக்கொண்டேன். உன் முகத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை பரீட்சை.

கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தாண்டவராயனே விடையைச் சொல்லிக்கொண்டு வந்தார், நாங்கள் எழுதிக்கொண்டே போனோம். நடுவில் ஆசிட் கேள்வி வந்தது. வால்வில் ஆசிட் கசிந்தால் என்ன செய்ய வேண்டும்? "நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்" என்றார். அடுத்து, உடம்பில் ஆசிட் பட்டால் என்ன செய்ய வேண்டும்? "காய்ந்த மணலைப் போட்டு மூட வேண்டும்" என்றார். என் பேனா நின்றுவிட்டது. இரண்டு விடையும் இடம் மாறிக் கிடக்கின்றன துர்கா. கசிகிற ஆசிட் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கொதித்து முகத்தில் அடிக்கும். மணல் அதற்கு, தண்ணீர் உடம்புக்கு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் தென்னரசு பக்கத்தில் நீயும் நானும் உட்கார்ந்திருந்தபோது டாக்டரம்மா நமக்கு எத்தனை தடவை சொன்னார்கள். நமக்கு இது பாடமா? நம் வீட்டில் ஒரு கண்ணைத் தின்ற விஷயம்.

எழுந்து சொன்னேன். தாண்டவராயன் கோபப்படக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பு. "தெரியும்பா. நான் வர்றதுக்கு முன்னாடியே அப்படித்தான் அச்சடிச்சு வெச்சுக்கினு இருக்காங்க. பத்து பேப்பரும் ஒண்ணா இருந்தாத்தான் செக்கிங்ல பேஜாரு இல்ல. ஒரு வரிதான, எழுதிக் குடுத்துட்டு போய்க்கினே இரு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மரக்காணத்துக்காரர் என் கையைப் பிடித்து உட்காரச் சொல்லி, பரீச்சைக்கு அது, ரோட்டுக்கு வேற, உங்களுக்கு சர்டிபிகேட் வேணுமா வேணாமா என்று கேட்டார். எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் அந்த இரண்டு இடத்தையும் காலியாக விட்டேன். திங்கட்கிழமை காலையில் வந்து நிரப்பிக் கொடு, இல்லாவிட்டால் உன் பேரை அடித்துவிடுவேன் என்று அனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும் தென்னரசைக் கேட்டேன். அவன் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். நீ எங்கேடா வகுப்புக்குப் போனாய் என்றேன். அதே மண்டபம், அதே மாடி. ஆசிட் கசிந்தால் என்ன செய்யச் சொன்னார்கள் என்றேன். பின்னலை விடாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான்: "நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்." ஒரு எழுத்து மாறவில்லை.

இவன் வகுப்புக்கே போகாமல் சர்டிபிகேட் வாங்கியிருப்பான், அதனால்தான் கூட்டேரிப்பட்டு தாண்டி ஆசிட் வண்டியை நிறுத்தி, டீக்கடையில் குடம் குடமாகத் தண்ணீர் வாங்கிக் கசிகிற வால்வில் ஊற்றினான் என்று ஊரே பேசியது. நீயும் அதைத்தான் நம்பினாய். அவன் கண் வைத்தியச் செலவுக்குச் சம்பாதிக்கத்தான் குவைத்துக்குப் போனாய், ஆனால் போனதிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் க்ளாசுக்குப் போனேன் அக்கா என்று அவன் கட்டிலில் கிடந்து சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. போயிருக்கிறான் துர்கா. தூங்காமல், போன் நோண்டாமல், சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் செய்திருக்கிறான். நடுரோட்டில் பயத்திலும் மறக்காமல் அதையே செய்திருக்கிறான். கவனிக்காமல் தூங்கியிருந்தால் ஒருவேளை பயந்து ஓடித் தப்பித்திருப்பான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாப்பாவின் பின்னலைக் கட்டி முடித்தான். அப்புறம், "போய் எழுதிக் குடுத்துடு மாமா. என்னால அக்கா இன்னும் அங்கியே கெடக்க வேணாம். எனக்குப் போனது போச்சு" என்றான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான் தெரியுமா? நான் கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதேன்.

திங்கட்கிழமை போனேன். எழுதிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். தாளை முன்னால் வைத்தார்கள். பேனாவை எடுத்து "நிறைய" என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. அடுத்து எழுத வேண்டியது தண்ணீர் என்ற வார்த்தை. எழுதியதை அடித்துவிட்டு, சரியானதை எழுதி, கீழே என் மச்சான் பெயரையும் அவனுக்கு நடந்ததையும் எழுதிக் கொடுத்தேன். தாண்டவராயன் படித்தாரா இல்லையா தெரியாது. அந்தத் தாளை நாலாக மடித்து, அதன் மேல் பஜ்ஜியை வைத்துத் தின்றார். கீழே ஆபீசில் மேனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டேன். உனக்கு வேணாம்னா வேற ஆளுக்கு சீட்டு போகும், ஜல்தி கெளம்பு என்றான். மேலிடத்துக்கு மனு எழுதிப் போட்டிருக்கிறேன். படிக்கிறவர்கள் அதையும் எதன் கீழே விரிப்பார்களோ.

முதலாளி இரண்டு நாள் பார்த்தார். வேறு ஊரில் வகுப்பில் சேர்ந்து வாங்கி வருகிறேன் என்று கெஞ்சினேன். அங்கே அடுத்த வகுப்பு தை கழித்துத்தான். அவர் வண்டி அதுவரைக்கும் நிற்குமா? புதன்கிழமை சாவி வேறொருவர் கைக்குப் போய்விட்டது. அந்த மரக்காணத்துக்காரர்தான். நல்ல மனுஷன், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் மண்டைக்குள் என்ன பாடத்தை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் நேரில் போய், டீ வாங்கிக் கொடுத்து, எது எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

இப்போது நான் பழையபடி மார்க்கெட் வாசலில் நிற்கிறேன். கண்டாச்சிபுரத்துக்கு ஒரு மல்லாட்டை லோடு கிடைத்தது, போய்விட்டு வந்தேன். பாப்பாவிடம் அம்மா வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கையெழுத்துப் போடு என்று எழுத எனக்கு வாய் இல்லை. போடாதே, வந்துவிடு என்று எழுதக் கையில் வேலை இல்லை. உன்னுடைய இரண்டு வருஷத்தை, உன்னை ஒரு வார்த்தை கேட்காமல், நான் அந்த மாடியில் உட்கார்ந்து ஒரு வரிக்காகக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கோபம் வரும். வர வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை போனில் மேடம் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை, வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டு. திட்டி முடித்ததும் போனைத் தென்னரசிடம் கொடுக்கச் சொல். அவன் வாங்க மாட்டேன் என்பான், நான் காதில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன். அவனை ஒன்றும் சொல்லிவிடாதே துர்கா. அவன் சொல்லிக் கொடுத்ததைப் படித்தவன்.

வெயிலில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போகாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

திட்டு வாங்கக் காத்திருக்கும்,
பார்த்திபன்.